பத்து மணிக்கு ஒரு சொம்பு தண்ணீர்

கயல்விழி எழுந்து நின்று, "கக்கூஸ், சார்" என்றதும் மண்டபமே கொல்லென்று சிரித்தது.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மகளிர் குழுக்களுக்குத் தொழில் பயிற்சி. எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். என் பெயர் பெலிசியா. பிறந்தது கடலூர் முதுநகர், பிழைப்பது குமராட்சியில். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே மருந்துக்கடை. குழுவில் ஒரு ஆள் குறைகிறது, மதியம் வெஜிடபிள் பிரியாணி உண்டு என்று சொல்லி, நடவு வேலைக்குப் போகிற கயல்விழிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

பயிற்சி கொடுக்க வந்தவர் இஸ்திரி கலையாத சட்டை போட்டிருந்தார். நன்றாகத்தான் பேசினார். "ஊர்ல எது பிரச்சினையோ அதுக்குள்ளதான் தொழில் இருக்கு. எல்லாரும் செய்யிற ஊறுகாயையே நீங்களும் செய்யாதீங்க. பிரச்சினையத் தேடுங்க" என்றார். பிறகு வரிசையாகக் கேட்டார். முதல் பெண் ஊறுகாய் என்றாள். இரண்டாவது பெண் மாங்காய் ஊறுகாய் என்றாள். மூன்றாவது மெழுகுவத்தி. நான்காவதுதான் கயல்விழி.

"கக்கூஸா? எங்கம்மா?" என்றார் அவர். அவருக்கும் வாயோரம் சிரிப்பு.

"நடவு வயலுக்கு, சார். வண்டியில வச்சி எடுத்துகிட்டுப் போறது. நடவுக்கு வர்ற பொம்பளைங்க போறதுக்கு."

"நல்ல எண்ணம்தான். யாரு காசு குடுப்பா?"

"வயல்காரருதான் குடுக்கணும். கூலி குடுக்குறாரு, டீ குடுக்குறாரு, இதுவும் அதோட சேத்திதான்."

மறுபடியும் சிரிப்பு. பின் வரிசையில் ஒருத்தி மூக்கைப் பிடித்துக் காட்டினாள். "மார்க்கெட் இல்லாத விசயம்மா. வேற யோசிங்க" என்று அவர் அடுத்த ஆளிடம் போகப் பார்த்தார்.

"சார், பிரச்சினையத் தேடுன்னு நீங்கதான் சொன்னீங்க. தேடி எடுத்தாந்தா சிரிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு கயல்விழி உட்கார்ந்தாள்.  மதியம் அவள் பிரியாணியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு நன்றாகப் பசிக்கும்.

அவள் சொன்னது எனக்குச் சிரிப்பாக வரவில்லை. காரணம் என் கடையிலேயே இருந்தது. புரட்டாசி பிறந்து சம்பா நடவு ஆரம்பித்துவிட்டால் என் கடையில் நீர்க்கடுப்பு மாத்திரை பறக்கும். வருகிற பெண்கள், கடையில் ஆண்கள் நின்றால் தலைவலி மாத்திரை கேட்பார்கள். ஆண்கள் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தி, "அது குடுங்க" என்பார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மாத்திரை. ஒன்பது வருடம் கொடுத்தேன். பொய் சொல்லி எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

கயல்விழியும் வாங்கியவள்தான். ஒருநாள் காசை வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏன்க்கா, இது மாசி பங்குனியில இப்புடி விக்குமா?"

"விக்காது."

"நடவுக்கும் களைக்கும் மட்டும்தான?"

"ஆமா."

"அப்ப இது வியாதி இல்லக்கா. தண்ணி குடிக்காததுதான்" என்றாள்.

நடவுக்குப் போகிற பெண் காலை ஆறு மணிக்கு ஒரு டீயோடு கிளம்புகிறாள். வரப்பில் தண்ணீர்க் குடம் இருக்கும், அதன்மேல் ஒரு டம்ளர் கவிழ்ந்திருக்கும். அந்த டம்ளரை ஒருத்தியும் தொடமாட்டாள். குடித்தால் போக வேண்டும். போக இடம் கிடையாது. இரண்டரை மணிக்குக் கரையேறும் வரை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, முதுகை வளைத்து நட்டுக்கொண்டே போவார்கள்.

முன்னே அப்படி இல்லை. வாய்க்கால் ஓரம் முழுக்கச் சீமைக்கருவக்காடு இருந்தது. தேவநாதன் என்கிற பெரிய வயல்காரர் மூன்று வருடத்துக்கு முன்னால் ஜேசிபி வைத்து அதை வேரோடு பிடுங்கி, பிளாட் போட்டு, மஞ்சளும் சிவப்புமாகக் கல் நட்டார். நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சுகிற சனியன் ஒழிந்தது என்று ஊரே சொன்னது. நானும்தான் சொன்னேன். பெண்கள் ஒதுங்கப் போகிற இடம் அது ஒன்றுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கென்ன, கடைக்குப் பின்னாலேயே கக்கூஸ் இருக்கிறதே.

கயல்விழியின் புருசன் இளவரசு குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். நெல் மூட்டை, சிமெண்ட், கல்யாணப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவான். அந்தக் குட்டியானையைத்தான் இவள் கேட்டாள்.

"ஏன்டி, சீர்வரிசை ஏத்துன வண்டிடி அது. அதுல போயி அத வைக்கச் சொல்றியே, நாளைக்கி எவன்டி என்னக் கூப்புடுவான்?"

"பொம்பளைங்க கூப்புடுவாங்க மாமா."

"ஊருல என்னா பேரு வப்பானுவ தெரியுமா? பீ வண்டிக்காரன்னு வப்பான்."

"வைக்கட்டும். அவனுவ வயித்துல மட்டும் என்னா சந்தனமா இருக்கு?"

மூன்று நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் பிள்ளை இளமதிதான் தூது. "அம்மா சோறு போடவான்னு கேக்குது", "அப்பா வேணான்னு சொல்லுது" என்று அலுத்துப்போய் அவள் என் கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். பத்தாவது படிக்கிறாள்.

இளவரசை மாற்றியதும் அந்தப் பிள்ளைதான். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து அவளை வண்டியில் ஏற்றி வந்திருக்கிறான். அவள் தண்ணீர் பாட்டில் காலடியில் உருண்டது. எடுத்துப் பார்த்தால் மூடி வரைக்கும் தண்ணீர்.

"ஏன் பாப்பா குடிக்கல?"

"குடிச்சா போவணும்பா."

"போவ வேண்டியதுதான?"

"அங்க கதவுக்கு கொண்டி இல்லப்பா. யாராவது புடிச்சிகிட்டு நிக்கணும்."

 வீட்டுக்கு வந்து, வண்டியிலிருந்த சிமெண்ட் மூட்டையை எல்லாம் தானே இறக்கிப் போட்டுவிட்டு, சட்டியில் சோறு வடித்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றான். சண்டை போட்டவன் மாதிரியே பேசினான்.

"த பாரு. வண்டியத் தர்றேன். சம்பா நடவு முடியுற வரைக்கும்தான் டைம்மு. அதுக்குள்ள ஒரே ஒரு வயல்காரனாவது கூலி குடுத்து இந்த வண்டியக் கூப்புடணும். கூப்புடலன்னா தகரத்தக் கழட்டிட்டு மறுபடி லோடு ஏத்துவேன். நீ மறுபடி நடவுக்குப் போவணும். அதுக்கப்புறம் இந்தப் பேச்ச எடுக்கவே கூடாது."

"எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"கூப்புடலன்னாதான மாமா? கூப்புடுவாங்க" என்று அவள் வடிதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வண்டிமேல் தகரத்தில் ஒரு அறை எழும்பியது. உள்ளே கக்கூஸ், கை கழுவத் தண்ணீர், கீழே தொட்டி. தொட்டி நிறைந்தால் செப்டிக் டேங்க் லாரி வைத்திருக்கும் கண்ணாயிரம் குழாய் போட்டு உறிஞ்சி, முறைப்படி கொட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கையால் ஒரு மனுசனும் தொடக் கூடாது என்பதில் கயல்விழி கறார்.

எல்லாம் சரிதான். இளவரசு வாலிபத்தில் மினிபஸ் ஓட்டியவன் என்பதை நாங்கள் மறந்துபோனோம். ஒரு வேலையில் இறங்கினால் குறை வைக்கமாட்டான். பெயிண்டரைக் கூப்பிட்டு மினிபஸ்ஸுக்கு அடிக்கிற மாதிரியே சிவப்பும் நீலமும் அடித்து, இரண்டு பக்கமும் தாமரைப் பூ போட்டு, கதவுக்கு மேலே "பெண்கள் கழிப்பறை" என்று ஒரு முழ உயரத்துக்கு எழுதி, கீழே "நல்வரவு" என்றும் எழுதிவிட்டான். போதாததற்கு சீரியல் லைட்டு. சங்கீத ஹாரன்.

முதல் நாள் காசு வாங்காமல், சும்மா பார்க்கட்டும் என்று, இளவரசின் சேக்காளி கதிரவன் வயலுக்கு வண்டி போனது. முதலுதவிப் பெட்டி வைக்கிறேன் என்று நானும் போனேன். நான் வரப்பில் கால் வைத்ததுதான் தாமதம், நடவுப் பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி ஓடி வந்து என் காலடியில் ஒரு நாற்று முடியை வைத்தாள். பறித்த நாற்றை ஒரு கைப்பிடி அளவு சேர்த்துக் கட்டினால் அதற்கு முடி என்று பெயர். நடவு வயலுக்குப் புதிதாக யார் வந்தாலும், வயல்காரரே முதல் தடவை வந்தாலும், முடியை வைத்து மறிப்பார்கள். காசு கொடுத்தால்தான் எடுப்பார்கள். தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தப் போகம் விளங்காது என்பது நம்பிக்கை. "மாத்திரைக்கு வாங்குன காசுல கொஞ்சம் திருப்பிக் குடுங்க அக்கா" என்று சிரித்தார்கள். நூறு ரூபாய் கொடுத்த பிறகுதான் வழி கிடைத்தது.

வண்டி வந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டுமே. வாய்க்கால் ரோட்டில் திரும்பும்போதே ஹாரனை அலறவிட்டான். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் பத்துப் பதினைந்து பேர் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்துவிட்டார்கள். வண்டி நின்றது. கதவு ரோட்டைப் பார்த்து இருந்தது. ஆம்பிளைகள் மதகுக் கட்டையில் வசதியாக உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்கள்.

காலையிலிருந்து மதியம் வரை வயலில் இருந்த பத்தொன்பது பேரில் ஒருத்தி கூட வண்டிப் பக்கம் வரவில்லை.

அந்த நடவுச் செட்டுக்குத் தலைவி ராமாமிர்தம். ஐம்பத்தைந்து வயது, ஒடிசலான உடம்பு, நாக்கு மட்டும் கத்தி. அவள் கை காட்டாமல் யாரும் வயலில் இறங்கவும் மாட்டார்கள், ஏறவும் மாட்டார்கள். கயல்விழி அவளிடம் போய் நின்றாள்.

"பெரியம்மா, ஒரு தடவ போய்த்தான் பாருங்களேன்."

"நல்லா கேட்டடி. எங்க போறேன், எதுக்குப் போறேன்னு ஒம் புருசன் எழுதி வச்சி, லைட்டும் போட்டு, மேளமும் அடிச்சிட்டான். தாலி கட்டுறது ஒண்ணுதான் பாக்கி. தோ, பாரு, கல்யாணத்துக்கு வந்த மாதிரி குந்தியிருக்கானுவ. எவ போறா, எத்தன தடவ போறான்னு எண்ணுவானுவ."

"அவனுவள தொரத்திடறேன்."

"நாப்பது வருசமா நடவு நடறேன். நான் என்னா செத்தா பூட்டேன்? போடி, போயி வேலையப் பாரு."

கயல்விழி வண்டிக்குப் பின்னால் போய், தாமரைப் பூவுக்குப் பக்கத்தில் சாய்ந்து அழுதாள். இளவரசு அவளைப் பார்த்தான், எழுத்தைப் பார்த்தான், மதகில் இருந்தவர்களைப் பார்த்தான். "எழவு, கல்யாணத்துக்கு லோடு ஏத்தி ஏத்தி கை பழகிப் போச்சு கயலு" என்றான். அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். எனக்கு அந்த இடத்தில் அவன்மேல் ஒரு மரியாதை வந்தது.

மறுநாள் தாமரை போயிற்று. எழுத்து போயிற்று, லைட்டு போயிற்று. வண்டி முழுக்க நாற்றின் பச்சை. கதவை வயல் பக்கம் திருப்பி வைத்தார்கள். அதோடு கயல்விழி ஒரு காரியம் செய்தாள். தகர அறைக்கு முன்னால் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி, உள்ளே தண்ணீர் டிரம், வெற்றிலைத் தட்டு, ஈரப்புடவை மாற்ற ஒரு கொடி, பிள்ளைக்காரி உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு பலகை எல்லாம் வைத்தாள். "இப்ப உள்ள போறவ எதுக்குப் போறான்னு எவனும் சொல்ல முடியாதுக்கா. வெத்தல போடவும் போலாம், வேறதுக்கும் போலாம்" என்றாள். பயிற்சி கொடுத்த அந்தச் சட்டைக்காரருக்கு இந்த மூளை இருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி தயார். கூலி கொடுத்துக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. வயல்காரர்கள் வீட்டுப் படியெல்லாம் கயல்விழி ஏறி இறங்கினாள். கதிரவன்கூட, "அடுத்த போகத்துக்குப் பாப்பம் தங்கச்சி" என்று நழுவினான். புரட்டாசி முடிந்தது. வயல்கள் ஒவ்வொன்றாகப் பச்சை பிடித்துக்கொண்டே வந்தன. கடைசியில் நடவு ஆகாமல் நின்றது தேவநாதனின் பதினைந்து ஏக்கர் மட்டும்தான்.

அதற்கு நடுவில் ராமாமிர்தம் ஒரு நாள் மத்தியானம் என் கடைக்கு வந்தாள். கடையில் ஆள் இல்லை. இருந்தும் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அது குடுங்க."

"எத்தனை நாளா?"

"நாலு நாளா. ரத்தமா போவுது."

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. அவள்மேல் வந்ததா, என்மேல் வந்ததா தெரியவில்லை. "மாத்திரையும் கிடையாது, மண்ணும் கிடையாது, கிளம்பு" என்று கத்தி, ஷட்டரை இழுத்துவிட்டு, கயல்விழியையும் கூப்பிட்டுக்கொண்டு சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு இளவரசின் வண்டியிலேயே ஏற்றிப் போனேன். ஆமாம், அந்தப் பச்சை வண்டிதான்.

அங்கே இருந்த சின்ன வயது டாக்டரம்மா கேட்டாள், "காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் எவ்ளோ தண்ணி குடிப்பீங்கம்மா?"

"காலையில டீ குடிப்பன்."

"தண்ணி?"

"ஊட்டுக்கு வந்து குடிப்பன்."

"எத்தனை வருசமா இப்படி?"

ராமாமிர்தம் என்னைப் பார்த்தாள், கயல்விழியைப் பார்த்தாள்.  இரண்டு நாள் பெட்டில் போட்டு மருந்து ஏற்றினார்கள். கல் இருக்கிறது, ஒரு பக்கத்துச் சிறுநீரகம் சுருங்கியிருக்கிறது, இனிமேல் தண்ணீர்தான் உனக்கு மருந்து என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வரும்போது வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் பின்னால் போய், தகரக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தவள், ரோட்டோரம் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"கொண்டி போட்டுகிட்டு உள்ள இருந்தன்டி கயலு. யாரு வருவான்னு ஒரு பயம் இல்ல. நாப்பது வருசம்டி. கூலி ஜாஸ்தி கேட்டன், டீக்கு வடை கேட்டன், வெத்தலைக்கு காசு கேட்டன். இத ஏன்டி கேக்கத் தெரியாம பூட்டுது எனக்கு?" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தோம். மினிபஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று.

தேவநாதன் என் கடைக்கு வாரம் ஒரு தடவை வருவார். மருந்துக்கடைக்காரி இதைச் சொல்லக்கூடாது, ஆனால் ஊருக்கே தெரியும்: அவருக்குச் சர்க்கரை. வந்த உடனே, "பெலிசியா, பின்னாடி போய்ட்டு வந்துடறேன்" என்று கடைக்குப் பின்னால் ஓடுவார். வந்துதான் மாத்திரை கேட்பார். அப்படி ஒரு நாள் அவர் வெளியே வரும்போது கயல்விழி கடையில் காத்துக்கொண்டு நின்றாள்.

"நடவுக்கு வண்டி சொல்லுங்கய்யா. ஒரு நாள் வாடகை ரெண்டு பேர் நடவுக் கூலிதான்."

"எந்த வண்டி? ஓ, அதுவா." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, ஒங்கம்மா என் வயல்ல நடலியா? ஒங்க ஆயா நடலியா? அவுங்கள்லாம் வண்டியிலயா போனாங்க?"

"கருவக்காட்டுக்குப் போனாங்கய்யா. நீங்கதான் அத அழிச்சிட்டீங்க."

"என் எடம், நான் அழிச்சேன்."

"ஒங்க எடம்தான். இல்லன்னு சொல்லல. நடறதும் ஒங்க வயல்தான? அதனாலதான் ஒங்ககிட்ட கேக்குறேன்."

"இன்னிக்கி கக்கூசு கேப்பீங்க. நாளைக்கி கட்டில் கேப்பீங்க. த பாரும்மா, நான் நடவு மிஷினுக்குச் சொல்லிட்டேன். மிஷினுக்கு ஒண்ணுக்கும் வராது, ரெண்டுக்கும் வராது." தன் பேச்சுக்குத் தானே சிரித்துவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்.

கயல்விழி ராமாமிர்தத்திடம் போய் அப்படியே ஒப்பித்தாள். "மிஷினா? வரட்டும்" என்றாள் அவள். 

ஐப்பசி மழை இரண்டு நாள் நின்று பெய்தது. தேவநாதன் வயல் கொள்ளிடக் கரையோரம் பள்ளத்தில் கிடக்கிற வயல். மூன்றாம் நாள் மிஷின் இறங்கியது, பத்தடி போவதற்குள் சக்கரம் முழுக்கப் புதைந்தது. டிராக்டர் கட்டி இழுத்து மேலே ஏற்றினார்கள். நாற்றங்காலில் நாற்று வயது தாண்டிக்கொண்டிருந்தது. சாயங்காலமே அவர் ஆள் ராமாமிர்தம் வீட்டு வாசலில் வந்து நின்றான். நாளை நடவு.

ராமாமிர்தம் உடனே ஒத்துக்கொண்டாள். பிறகு கயல்விழியைக் கூப்பிட்டாள். "காலையில வண்டியக் கொண்டாந்து வாய்க்கா ரோட்டுல நிறுத்து. ஒம் புருசன ஹாரன் மட்டும் அடிக்க வேணாம்னு சொல்லு."

விடிந்ததும் நாற்று பறித்தாகிவிட்டது. ஆட்கள் முடிகளை வயல் முழுக்க வீசிப்போட்டார்கள். வெயில் சுள்ளென்று ஏறியது. நான் கடையைத் திறக்காமல் வண்டியோடு போயிருந்தேன். மனசு கேட்கவில்லை. இன்றைக்கு ஒன்றும் நடக்காவிட்டால் மாலையில் இளவரசு ஸ்பேனரை எடுப்பான். சொன்ன சொல் தவறாதவன். கயல்விழி விடிந்ததிலிருந்து டிரம்மில் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பதரை மணிக்கு தேவநாதன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மோட்டார் சைக்கிளை ரோட்டில் நிறுத்திவிட்டு ஒற்றையடி வரப்பில் நடந்து வயல் நடுவுக்கு வந்தார். பெண்கள் குலவை போட்டார்கள். ராமாமிர்தம் சேற்றிலிருந்து ஏறி அவர் காலடியில் ஒரு முடியை வைத்தாள். அவருக்கு ஒரே பூரிப்பு. சட்டைப்பையில் கை விட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார்.

"காசு வேணாம் முதலாளி."

"பத்தலியா? சரி, இந்தா." இன்னொரு தாள்.

"வைங்க பையில. வண்டி வேணும்."

"என்னா வண்டி?"

ராமாமிர்தம் ரோட்டைக் காட்டினாள். பச்சை வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "அதான் அன்னிக்கே முடியாதுன்னுட்டேனே" என்று திரும்பினார். திரும்பினால் பின்னாலும் ஒரு முடி இருந்தது. எப்போது வைத்தார்கள் என்று எனக்கே தெரியாது. இரண்டு பக்கமும் முழங்கால் சேறு, முன்னும் பின்னும் நாற்று. பத்தொன்பது பெண்களும் நடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றார்கள்.

"என்னா இது, நட மாட்டீங்களா?"

"நடத்தான முதலாளி வந்துருக்கோம். ஒங்க வார்த்தைக்குதான் நிக்கிறோம். நாங்க நிழலப் பாக்காத ஒடம்பு, எம்மா நேரம் வேணாலும் நிப்போம். பறிச்ச நாத்துதான் நிக்குமா தெரியல."

"வேற ஆளு கொண்டாருவேன்."

"கொண்டாங்க. கெடாரங்கொண்டான்லேருந்தா, நாட்டார்மங்கலத்துலேருந்தா? நேத்தே எல்லா செட்டுக்கும் சொல்லியாச்சி. வண்டி நிக்கிற வயலுக்குதான் எல்லாரும்."

அவர் முடியைப் பார்த்தார். தாண்டிவிடலாம், ஒரு எட்டுதான். ஆனால் அவர் அப்பா காலத்திலிருந்து அந்த வயலில் யாரும் தாண்டியதில்லை. போகம் பொய்த்தால் அவருக்கே தாங்காது. வெயிலில் நின்றார். முதலில் கோபமாக நின்றார். பிறகு கால் மாற்றி நின்றார். கால் மணி நேரம் போயிருக்கும், வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார். எனக்கு விசயம் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை.

"என்னா முதலாளி நெளியிறீங்க?" என்றாள் ராமாமிர்தம்.

"ஒதுங்கணும். வழிய வுடு."

"ஒதுங்குங்களேன். ஆம்பளைக்கு என்னா, திரும்பி நின்னா ஆச்சி."

அவர் ஒரு பக்கம் திரும்பினார், அங்கே ஒன்பது பேர். மறுபக்கம் திரும்பினார், அங்கே பத்துப் பேர். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை வாய்க்கால் ஓரத்துக்கு ஓட்டினார். மஞ்சளும் சிவப்புமாகக் கல் நட்ட வெட்டவெளி, அடிவானம் வரைக்கும் ஒரு மறைப்பு இல்லை.

கயல்விழி வரப்போரம் வந்து நின்றாள். "ஒரு செடி கூட இல்ல இல்லிங்களா, அய்யா" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "சரி. வண்டி நிக்கட்டும்" என்றார்.

"நடவு முடியுற வரைக்குமா?"

"முடியுற வரைக்கும்."

"களைக்கு?"

"ஏம்மா, நேரம் காலம் தெரியாம…"

"களைக்கு, அய்யா?"

"களைக்கும்தான்! வாடக எவ்ளோ?"

"அன்னிக்கி கடையில சொன்னதுதான். ஏத்தவும் இல்ல, எறக்கவும் இல்ல."

"குடுக்குறேன். எடு முடிய!"

ராமாமிர்தம் குனிந்து முடியை எடுத்தாள். அதைப் பிரித்து ஒரு நாற்றை வரப்போரச் சேற்றிலேயே நட்டாள். தேவநாதன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடினார். "அவசரம்னா வண்டியிலயே போங்க முதலாளி, ஒங்க காசுதான!" என்று அவள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போயேவிட்டார். பதினைந்து ஏக்கரும் சிரித்தது.

ரோட்டில் இளவரசு ஹாரன்மேல் கை வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அவள் ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். ஒரே ஒரு தடவை அடித்தான். வாய்க்காலில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது.

ராமாமிர்தம் கரையேறி, வாய்க்காலில் கை கால் கழுவி, வண்டிக்கு வந்தாள். டிரம்முக்குமேல் கவிழ்த்து வைத்திருந்த சொம்பைத் தானே எடுத்து நிமிர்த்தினாள். கயல்விழி நிறைய ஊற்றினாள். தார்ப்பாய்க்குள் போகாமல், வயல் பார்க்க, ரோடு பார்க்க, வெளியில் நின்று அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. முகவாயில் வழிந்ததைத் துடைக்கவில்லை. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், மணி பத்து. சேற்றிலிருந்து மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக ஏறி வந்து அவள் பின்னால் நின்றார்கள்.

அவள் காலிச் சொம்பைத் திரும்ப நீட்டினாள்.

"இன்னொண்ணு ஊத்துடி."